களி சாப்பிட்டாலும் பிரஷர் பார்க்க வேண்டும்

"தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் களி தின்று வளர்ந்த உடம்புக்கு மாரடைப்பு வராது, பிரஷர் மாத்திரை ஆரம்பித்தால் கிட்னி போய்விடும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருப்பது தவறு. இதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கிட்னியைப் பெரும்பாலும் கெடுப்பது கட்டுப்படாத பிரஷரும் சர்க்கரையும்தான். பிரஷரைக் குறைத்து இதயம், மூளை, கிட்னி மூன்றையும் காப்பதற்குத்தான் மாத்திரை. 140/90-க்கு மேல் தொடர்ந்து இருந்தாலும் பலருக்குத் தலைவலிகூட வராது. அளந்து பார்த்தால்தான் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு கிடையாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டமே 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் அது. இவ்வளவு பக்கத்தில் இருப்பதை வேண்டாம் என்று சொல்லலாமா?

களி நல்ல உணவு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காலத்துப் பெரியவர்கள் களியோடு நாள் முழுக்கக் காட்டு வேலையும் செய்தார்கள். இன்று வண்டியை விட்டு இறங்காமல், மாங்காய் ஊறுகாயும் பீடியுமாக இருந்தால் களி மட்டும் என்ன செய்யும்? உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகையை விட்டால் ஒரே வருடத்தில், அதனால் வந்த மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகிறது.

அப்புறம் ஒன்று. நெஞ்சில் பாரம், வியர்வை, கைவலி என்றால் வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.