ரோஜர் மூருக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது

சினிமா உளவாளி ஜேம்ஸ் பாண்ட் பேச்சு எங்கே எழுந்தாலும், பாண்டாக நடித்த ரோஜர் மூரை ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். ஷான் கானரிதான் அசல் பாண்ட், டேனியல் கிரெய்க் நல்ல நடிகர், மூரா, அவர் புருவத்தைத் தூக்கிக்கொண்டு கோட் கசங்காமல் நடந்தவர். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. 2008-ல் வந்த அவருடைய தன்வரலாற்றை, 'மை வேர்ட் இஸ் மை பாண்ட்', படித்ததிலிருந்து இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

1973-லிருந்து 1985 வரை ஏழு பாண்ட் படங்கள். இத்தனை படங்களில் துப்பாக்கியும் கையுமாக நின்ற மனிதருக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. சின்ன வயதில் ஏர்கன் குண்டு காலில் பட்டதிலிருந்து ஒட்டிக்கொண்ட பயம். சுடும் காட்சியில் வெடிக்கும் முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய பாண்ட் ஏன் அப்படி இருந்தார் என்பதற்கான விடை எனக்கு இங்கேதான் கிடைத்தது. கொலை செய்வதில் துளியும் விருப்பமில்லாத ஒருவர், கொல்ல உரிமம் பெற்ற ஒருவனாக நடிக்க வேண்டும். எந்த ஊர் பாருக்குப் போனாலும் இவன் குடிக்கும் மார்ட்டினி வரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதே, இவன் எப்படி ரகசிய உளவாளி என்று கேட்டவர் அவர். அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் பாத்திரத்தை லேசாக்கினார். அது தெரிந்து செய்த வேலை. நடிக்கத் தெரியாமல் செய்ததல்ல.

'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' (1981) படத்தில் அந்த மலையோரக் காட்சி நினைவிருக்கிறதா? கோர்ஃபு தீவில் எடுத்தது. கூட்டாளியைக் கொன்றவனின் கார் பாறை விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருக்கிறது. செத்தவரின் பக்கத்தில் அவன் விட்டுப்போன புறா வடிவ ஊசியை பாண்ட் அவனிடமே வீசுகிறார், பிறகு காரை எட்டி உதைக்கிறார். அந்த உதை வேண்டாம் என்று மூர் இயக்குநர் ஜான் க்ளெனிடம் மல்லுக்கு நின்றார். ஊசி விழுந்த அதிர்விலேயே கார் சரிந்தால் போதும், உதைப்பது என் பாண்டின் குணமில்லை என்பது அவர் கட்சி. க்ளென் விடவில்லை. இதில் நான் க்ளென் பக்கம்தான். ஆனால் அந்த உதை இன்றைக்கும் உறைப்பதற்குக் காரணம், அதுவரை யாரையும் அப்படி உதைக்காத மனிதர் உதைத்தார் என்பதே. 'எ வ்யூ டு எ கில்' படத்தில் வில்லன் தன் சொந்தச் சுரங்கத் தொழிலாளர்களையே சிரித்துக்கொண்டு சுட்டுத் தள்ளும் காட்சி அவருக்கு அறவே பிடிக்கவில்லை. அதோடு விடைபெற்றார். அப்போது வயது 57. அந்தப் படத்துக் கதாநாயகியின் அம்மாவைவிடத் தனக்கு வயது அதிகம் என்று தெரியவந்ததையும் அவர் ஒளிக்கவில்லை.

புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது உடன் வேலை செய்தவர்களைப் பற்றி அவர் எழுதும் விதம். எகிப்து படப்பிடிப்பில் சாப்பாடு சரியில்லாமல் போனபோது தயாரிப்பாளர் ப்ரோக்கோலி தானே அடுப்படியில் நின்று மொத்த யூனிட்டுக்கும் பாஸ்தா சமைத்துப் போட்டிருக்கிறார். கருவிகளை விளக்கும் 'க்யூ'வாக நடித்த டெஸ்மண்ட் லெவெலினுக்கு வாயில் நுழையாத தொழில்நுட்ப வசனங்கள். பாவம், அவர் உருப்போட்டு வைத்திருப்பதை மூர் கடைசி நேரத்தில் மாற்றிக் கொடுத்துத் தவிக்கவிடுவார். படிக்கும்போது அந்தத் தளத்தில் நாமும் ஒரு ஓரமாக நிற்பது போலிருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. யாரையும் நோகடிக்கக் கூடாது என்ற கவனம் பல இடங்களில் வாயைக் கட்டிவிடுகிறது. 'எ வ்யூ டு எ கில்' படத்தில் உடன் நடித்த கிரேஸ் ஜோன்ஸ் பற்றி, நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லையென்றால் சும்மா இருப்பதே மேல் என்று தாண்டிப் போகிறார். தயாரிப்பாளர்களான ப்ரோக்கோலியும் சால்ட்ஸ்மேனும் பிரிந்த கதையை இவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தவர் இன்னும் மனம்விட்டு எழுதியிருக்கலாம்.

'ஆக்டோபுஸி' என்ற பாண்ட் படத்துக்காக மூர் உதய்ப்பூர் வந்தார். நம் சென்னை விஜய் அமிர்தராஜ் டென்னிஸ் ராக்கெட்டால் எதிரிகளை அடித்த அந்த ஆட்டோ துரத்தலை யார் மறப்பார்கள்! ஆனால் மூருக்கு இந்தியாவில் மனதைத் தைத்தது இங்கே கண்ட வறுமை. பிறகு தோழியான நடிகை ஆட்ரி ஹெப்பர்ன், குழந்தைகளுக்கான ஐ.நா. அமைப்பான யுனிசெஃப் வேலைக்கு இழுக்க, 1991-ல் அதன் நல்லெண்ணத் தூதரானார். பெயருக்கு அல்ல. அயோடின் குறைபாட்டால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி கெடாமலிருக்க, அயோடின் கலந்த உப்பு ஏழை நாடுகளுக்கெல்லாம் கிடைக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 2017-ல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பை விடவில்லை. 2003-ல் கிடைத்த சர் பட்டமும் இந்தத் தொண்டுக்காகத்தான். புருவத்தைக் கிண்டலடிப்பவர்கள் இந்தப் பக்கங்களையும் ஒருமுறை புரட்டட்டும்.

படிக்க நினைப்பவர்கள் முதலில் அவர் 1973-ல் வெளியிட்ட, தன் முதல் பாண்ட் படமான 'லிவ் அண்ட் லெட் டை' படப்பிடிப்பு நாட்குறிப்பை எடுங்கள். 2018-ல் மறுபதிப்பு வந்திருக்கிறது. அமெரிக்காவின் லூசியானாவில் படகு மோதிப் பல் உடைந்தது, சிறுநீரகக் கல் வலியில் துடித்தது என எல்லாம் அன்றன்றைக்கே எழுதியது. தன்வரலாற்றில் கட்டிப்போட்ட வாய் அதில் இன்னும் கொஞ்சம் தாராளமாகத் திறக்கிறது.