நாக் தரச்சான்று இல்லையென்றால் பட்டம் செல்லாதா?

"நாக் தரச்சான்று காலாவதியான கல்லூரியில் படித்தவர்களின் பட்டம் இனி செல்லாது. உடனே பகிருங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. நாக் என்பது உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் குழு. பட்டம் வழங்குவது அதன் வேலை அல்ல.

பட்டம் வழங்கும் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதை 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சட்டம், 22ஆவது பிரிவில் சொல்கிறது. மத்திய, மாநிலச் சட்டங்களால் அமைந்த பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனங்கள் ஆகியவற்றுக்கே அந்த உரிமை உண்டு. உங்கள் பட்டச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். இணைப்புக் கல்லூரியில் படித்திருந்தால், உச்சியில் இருப்பது கல்லூரியின் பெயர் அல்ல, பல்கலைக்கழகத்தின் பெயர்.

நாக் 1994இல் தொடங்கப்பட்டது, பெங்களூரில் இயங்குகிறது. கற்பித்தல், ஆய்வு, நூலகம், நிர்வாகம் எனப் பார்த்து மதிப்பெண் போடும். 4க்கு 3.51 அல்லது அதற்கு மேல் பெற்ற நிறுவனங்களுக்கு ஏ பிளஸ் பிளஸ் தரம் தரப்பட்டு வந்தது. வாயிலில் பெரிய பலகையாகத் தொங்குவது இதுதான். எந்த ஆண்டு பெற்றது என்பது மட்டும் பலகையில் பெரும்பாலும் இருக்காது. தரச்சான்று காலாவதியானால் கல்லூரியின் மதிப்புக்குக் குறைதான், நிதியுதவிக்கும் சிக்கல் வரலாம். மாணவரின் பட்டம் அதனால் ரத்தாவதில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது போலிப் பல்கலைக்கழகங்களுக்கு. அவற்றின் பட்டியலும் அங்கீகரிக்கப்பட்டவற்றின் பட்டியலும் யு.ஜி.சி. இணையதளத்தில் உள்ளன, தரநிலையை நாக் தளத்தில் பார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்திருந்தால் மேலும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைச் சொல்லுங்கள்.