பாட்டுப் போட ஆள் எதற்கு என்று கேட்டவருக்கு

போன வியாழக்கிழமை, அமெரிக்காவின் தென்மேற்கு மிசூரியில் இருக்கிற எங்கள் ஊரின் கன்ட்ரி மியூசிக் (அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு) ரேடியோ ஸ்டேஷனில் நடந்ததைப் பற்றி அன்றைக்கே இரண்டு வரி எழுதியிருந்தேன். மூன்று அறிவிப்பாளர்களையும் ஒரே காலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசியாக ஒருமுறை மைக் முன்னால் உட்கார்ந்து போய் வருகிறேன் என்று சொல்லக்கூட விடவில்லை. சாயங்காலத்துக்குள் ஸ்டேஷன் இணையதளத்திலிருந்து அவர்களுடைய படங்களையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பதிவின் கீழே ஒருவர், நம்மவர்தான், “பாட்டுப் போட ஆள் எதற்கு? ஸ்பாட்டிஃபை இருக்கிறதே” என்று எழுதினார். அதற்குச் சிரித்தவர்களில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது.

அவர்கள் பாட்டுப் போடுகிறவர்கள் இல்லை. எந்தப் பாட்டு என்று முடிவு செய்கிற உரிமை அவர்கள் கையை விட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. பட்டியல் தலைமை அலுவலகத்திலிருந்து வரும். இரண்டு பாட்டுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில்தான் அவர்கள் இந்த ஊருக்கு வேலை செய்தார்கள். மாட்டுப் பண்ணைக்காரர்கள் விடிவதற்கு முன் டிரக்கை எடுக்கும்போது, கார்த்தேஜ் பக்கத்தில் இருக்கிற ஜாப்ளின் ரீஜனல் ஸ்டாக்யார்ட்ஸில் கன்று என்ன விலைக்குப் போனது என்று காலை நேரத்துக்காரர் சொல்வார். பனி கொட்டினால் எந்தெந்தப் பள்ளிக்கு விடுமுறை, யார் இறந்தார், அடக்கம் எந்தச் சர்ச்சில், யாருடைய நாய் தொலைந்துபோனது, எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். மதியம் ஒரு அம்மா விற்பதற்கும் வாங்குவதற்குமான நிகழ்ச்சி நடத்தினார். பழைய வாஷிங் மெஷின், வைக்கோல் கட்டு, கோழிக்குஞ்சு என்று ஜனங்கள் போன் போட்டுச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஹைஸ்கூல் ஃபுட்பால் வர்ணனை செய்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார். ஆடுகிற பையன்களின் அப்பாக்களில் பலர் அவரிடம் படித்தவர்கள்.

இப்போது ஒரு பதிவுசெய்த குரல் வருகிறது. எந்த நகரத்தில் உட்கார்ந்து பேசுகிறார் என்றுகூடச் சொல்லவில்லை. தென்மேற்கு மிசூரியில் நெவாடா என்ற ஊரை நெவேடா என்போம், பொலிவாரைப் பாலிவர் என்போம். வந்த முதல் நாளே இரண்டையும் தப்பாகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இப்படிப் பேசுகிறவர்களை ஒரே நாளில் எத்தனையோ ஊர்களுக்குப் பேச வைக்கிறார்கள். ஆனால் நாளைக்கு டொர்னாடோ (சுழல்காற்று) எச்சரிக்கை வந்தால் எந்தக் கவுன்டி ரோட்டில் இருப்பவர்கள் முதலில் கீழ்த்தளத்துக்கு ஓட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

2007 ஜனவரியில் இந்தப் பகுதி முழுக்க உறைமழை பெய்து, மரமும் மின்கம்பமும் பாரம் தாங்காமல் முறிந்து விழுந்தன. அப்போது நாங்கள் இந்த ஊருக்குப் புதிது. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டார். வீட்டில் நானும், மூச்சிழுப்பு இருக்கிற என் பெரியவனும். கரன்ட் இல்லாமல் நெபுலைசர் ஓடாது. எனக்கு இங்கே சொந்தமில்லை, பந்தமில்லை. பேட்டரி ரேடியோவில் சொன்ன எண்ணுக்கு அழுதுகொண்டே போன் போட்டேன். காலை நேரத்துக்காரர் என் பெயரை மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு, ஒரு எழுத்துகூடப் பிசகாமல் ஒலிபரப்பில் சொன்னார். எங்கள் தெருவையும் சொல்லி, பக்கத்தில் யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது என்று கேட்டார். சற்று நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு வயதான தம்பதி டிரக்கில் வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கரன்ட் வரும்வரை அவர்கள் வீட்டில்தான் இருந்தோம். என் மகனுக்கு அவர்கள் இன்றைக்கும் தாத்தா பாட்டி. ஸ்பாட்டிஃபையில் எந்த எண்ணுக்குப் போன் போட்டிருப்பேன், சொல்லுங்கள்.

சரி, இது என் சொந்தக் கதை என்று தள்ளிவிடுவீர்கள். ஜாப்ளின் நகரத்தில் நடந்ததைத் தள்ள முடியாதே. 2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை மாலை. டொர்னாடோ ஊரின் நடுவே போய் 158 பேரைக் கொன்றது. பெரிய ஆஸ்பத்திரியே சிதைந்தது. அங்கே கிக்ஸ் 102.5 என்ற கன்ட்ரி ஸ்டேஷனையும் மற்ற ஸ்டேஷன்களையும் நடத்துகிற ஸிம்மர் நிறுவனம் பாட்டை நிறுத்திவிட்டு எல்லா அலைவரிசையிலும் ஒரே ஒலிபரப்பைப் பல நாள் இரவு பகலாகக் கொண்டுபோனது. யாரைக் காணோம், தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்த ரோடு திறந்திருக்கிறது என்பதையெல்லாம் ஜனங்கள் அங்கே கேட்டும் சொல்லியும் தெரிந்துகொண்டார்கள். கட்டடத்துக்குள் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்ததால் அது நடந்தது.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கு டகோட்டாவின் மைனாட் இருக்கிறது. 2002 ஜனவரி 18, நள்ளிரவு தாண்டி ரயில் தடம் புரண்டு அம்மோனியா வாயு ஊருக்குள் பரவியது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அந்த ஊரின் ஆறு வணிக ஸ்டேஷன்களும் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. போலீஸ் போன் போட்டுப் பார்த்தது, யாரும் எடுக்கவில்லை. “எங்கள் ஆள் ஒருவர் உள்ளே இருந்தார், போலீஸ்தான் அவசர எச்சரிக்கைக் கருவியைச் சரியாகப் பயன்படுத்தவில்லை” என்று நிறுவனம் பின்னால் விளக்கம் சொன்னது. இருக்கட்டும். போன் அடித்தது, எடுக்கப்படவில்லை. எனக்கு அது போதும்.

விளம்பர வருமானம் குறைந்துவிட்டது, என்ன செய்வார்கள் என்று கேட்கிறவர்களுக்கு: குறைந்தது உண்மைதான். ஆனால் இது தானாக வந்த நிலைமை இல்லை. 1996 வரை ஒரு முதலாளி நாடு முழுக்க நாற்பது ஸ்டேஷனுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த வருஷத்துச் சட்டம் வரம்பை எடுத்தது. சில வருஷத்துக்குள் கிளியர் சேனல் கையில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். 2017ல், உள்ளூரிலேயே ஸ்டுடியோ வைத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியையும், ஸ்டேஷன்களுக்கு லைசென்ஸ் கொடுக்கிற அரசு அமைப்பான எஃப்.சி.சி. நீக்கிவிட்டது. கடன் வாங்கி ஸ்டேஷன்களாக வாங்கிக் குவித்து, அந்தக் கடனை அடைக்க அறிவிப்பாளரை அனுப்புகிறார்கள். மதிய நிகழ்ச்சி நடத்திய அம்மாவா கடன் வாங்கினார்?

அப்புறம், எச்சரிக்கை போனிலேயே வந்துவிடும் என்கிறார்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலுக்குப் பிறகு மேற்கு வட கரோலினாவில் செல்போன் டவர்கள் செத்துப்போயின. ஆஷ்வில்லில் ஜனங்கள் காரில் உட்கார்ந்து டபிள்யூ.டபிள்யூ.என்.சி. கேட்டார்கள். அது பேச்சு ஸ்டேஷன், கன்ட்ரி இல்லை. அதன் முதலாளி ஐஹார்ட், பெயர் மாற்றிக்கொண்ட அதே கிளியர் சேனல். இதைச் சொல்லி என்னை மடக்கப் பார்க்க வேண்டாம். அங்கேயும் மைக்கில் இருந்தது அந்த ஊரிலேயே வாழ்கிற ஆட்கள்.

இன்பாக்ஸில் வந்த ஒரு செய்திதான் என்னை ரொம்பக் காயப்படுத்தியது. “கன்ட்ரி ரேடியோ வெள்ளைக்கார ஆண்களின் உலகம், உங்களுக்கு அங்கே என்ன வேலை” என்று. 2003ல் டிக்ஸி சிக்ஸ் என்ற பெண்கள் கன்ட்ரி பாட்டுக் குழுவுக்கு நடந்ததையும் உதாரணம் காட்டியிருந்தார். ஈராக் போர் தொடங்குகிற நேரத்தில் அவர்கள் லண்டன் மேடையில் ஜனாதிபதி புஷ்ஷைக் கண்டித்தார்கள், ஸ்டேஷன்கள் அவர்கள் பாட்டை நிறுத்தின. தெரியும். ஆனால் கியூமுலஸ் நிறுவனத்தின் நாற்பதுக்கும் மேற்பட்ட கன்ட்ரி ஸ்டேஷன்களில் நிறுத்தச் சொன்ன உத்தரவு தலைமையிடத்திலிருந்து வந்தது. கொலராடோ ஸ்பிரிங்ஸில் இரண்டு அறிவிப்பாளர்கள் தங்கள் ஸ்டேஷன் போட்ட தடையை மீறி அவர்கள் பாட்டைப் போட்டு, அதற்காகச் சஸ்பெண்ட் ஆனார்கள். இப்படி எதிர்த்து நிற்க ஸ்டுடியோவுக்குள் ஒரு மனிதர் வேண்டும். இன்னும் பின்னால் போனால், 1960ல் கன்ட்ரி பாடகி லொரெட்டா லின் தன் முதல் ரெக்கார்டைக் காரில் வைத்துக்கொண்டு கணவரோடு ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கொடுத்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். அறிவிப்பாளர்கள் அவர் கையிலிருந்து வாங்கிப் போட்டார்கள். இன்றைக்கு அப்படி ஒரு பெண் எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தால் ரெக்கார்டை யாரிடம் கொடுப்பாள்? வாசலில் வரவேற்பாளர்கூட இல்லை.

எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவரே, என் பெயரை இந்த நாட்டில் முதன்முதலில் சரியாகச் சொன்னவர் ஒரு கன்ட்ரி ஸ்டேஷன் அறிவிப்பாளர். என் அலுவலகத்தில் இன்றும் பாதிப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதை இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவளின் பழைய ஏக்கம் என்று முடித்துவிட வேண்டாம். இலங்கை வானொலி மேல் எனக்கு இருப்பது ஏக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஸ்டேஷனுக்காகப் பேசுவது ஏக்கம் இல்லை. வருகிற வசந்தத்திலும் இங்கே டொர்னாடோ சைரன் ஊதும்.

விளம்பரம் கொடுக்கிற டயர் கடைக்கும் தீவனக் கடைக்கும் கடிதம் எழுதிவிட்டேன். மிசூரி ஸ்டேஷன்களின் லைசென்ஸ் எட்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், அடுத்தது 2029. அப்போது பொதுமக்கள் ஆட்சேபணை மனு கொடுக்கலாம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள், அந்த மூன்று பேரால் உங்களுக்கு நடந்த நல்லதைத் தேதியோடு எனக்கு எழுதி அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுத வராதவர்கள் தமிழில் அனுப்பினாலும் நான் மொழிபெயர்த்துச் சேர்த்துக்கொள்கிறேன்.