லாரி டியூப் லைஃப் ஜாக்கெட் ஆகாது

‘கண்மாயில் அலை ஏது? 10 அடி பைபர் போட்டில் நாலு பேர் போகலாம், ஆளுக்கொரு லாரி டியூப் போதும்’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். மூன்றுமே தப்புக் கணக்கு அண்ணே.

ஆழமில்லாத அகன்ற தண்ணீரில்தான் காற்று ஏறியதும் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். ஐப்பசி இடிமழைக்கு முன்னால் காரைக்குடிப் பக்கம் அடிக்கிற காற்று போதும்.

20 அடிக்குட்பட்ட படகுக்குப் பொதுக்கணக்கு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுங்கள். 10 × 4 என்றால் 2 பேர்தான். நாலு பேருக்குக் குறைந்தது 12 × 5 வேண்டும். ஆள் கூடினால் விளிம்பு தாழும், அலை உள்ளே விழும். விழுந்த தண்ணீர் சாய்ந்த பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். பைபர் தானாக மிதக்காது. இருக்கைக்கு அடியில் நுரைப்பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் காற்றறை ஓட்டை விழுந்தால் உதவாது.

டியூப் கைநழுவினால் காற்றோடு போய்விடும், மயங்கியவரால் பிடிக்கவும் முடியாது. 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) லைஃப் ஜாக்கெட் நீச்சல் தெரிந்தவருக்கு, அதுவும் கரையோரம் மட்டும். 100 நியூட்டன் வாங்குங்கள். அலை அதிகமில்லாத தண்ணீரில் மயங்கினாலும் முகத்தை மேலே திருப்புவதற்கென்றே செய்தது. கரையிலேயே வார் இறுக்கி மாட்ட வேண்டும், இருக்கைக்கு அடியில் கிடந்தால் பயனில்லை.

கண்மாய்க்குள் முங்கிக் கிடக்கும் கருவேல மூடு (அடிக்கட்டை) மோட்டார் விசிறியை உடைக்கும். அதனால் 2 துடுப்பு, தண்ணீர் இறைக்க வாளி, நங்கூரத்துக்கு ஆழத்தைப்போல் 5 மடங்கு கயிறு. ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் கயிற்றை அவர் மணிக்கட்டில் மாட்டணும். கலுங்கு (உபரித் தண்ணீர் வெளியேறும் வழி) பாய்கிற நாளில் அந்தப் பக்கமே வேண்டாம்.