நவம்பர் 1: எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியிலிருந்து

நவம்பர் 1 வந்தால் போதும், முகநூலில் அதே சண்டை. தமிழ்நாடு நாள் இன்றா, ஜூலை 18-ஆ? 2019-ல் அ.தி.மு.க. அரசு, 1956-ல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்த நாளான நவம்பர் 1 என்றது. 2021-ல் தி.மு.க. அரசு ஜூலை 18 என்றது. இப்போதெல்லாம் ஒருவர் எந்தக் கட்சி என்பது வாழ்த்துப் போடும் தேதியிலேயே தெரிந்துவிடுகிறது.

ஜூலை 18-ஐ நான் குறை சொல்லவில்லை. 1967-ல் சட்டமன்றத்தில் சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றும் தீர்மானத்தை அண்ணா கொண்டுவந்த நாள். ஆனால் நான் குமரி மாவட்டத்துக்காரன். வீட்டுக்குப் பெயர்ப்பலகை மாட்டிய நாளும் நாங்கள் அந்த வீட்டுக்குள் வந்த நாளும் எனக்கு ஒன்றாகிவிடாது.

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் தாத்தா காலத்து நிலப் பத்திரம் ஒன்று கிடக்கிறது. மடிப்பெல்லாம் கிழிந்து, முழுக்க மலையாள எழுத்தில். நான்கு எல்லை என்னவென்று தெரிய வேண்டுமானால், அப்பா அதை எடுத்துக்கொண்டு மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடிப் போவார். நிலம் எங்களுடையது, எழுத்து எங்களுடையதல்ல. 1956 நவம்பர் 1 வரைக்கும் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் இன்றைய கேரளத்துக்கு முன்பிருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தன. அவை தமிழ்நாட்டுக்குச் சும்மா வந்துவிடவில்லை. தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு உயிர்கள் போயின.

சரி, அப்போ நவம்பர் 1-ஐக் கொண்டாடலாமா என்றால், அதுவும் எனக்கு ஒட்டவில்லை. அன்றைக்குத்தான் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. முல்லைப் பெரியாறு அணை நிற்பது அந்தப் பீர்மேட்டில். அணையைப் பராமரிப்பது நாம், மண் அவர்களுடையது. இன்னும் வழக்கு முடிந்தபாடில்லை.

கர்நாடகக்காரர்கள் கெட்டிக்காரர்கள். மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று மாறியது 1973-ல். அந்தப் பெயர் மாற்றத்தையும் நவம்பர் 1-லேயே வைத்துக்கொண்டார்கள். சண்டைக்கே இடமில்லை!

நமக்கும் 1956-லேயே பெயர் கிடைத்திருக்கலாம். தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13-ல் உயிரை விட்டார். பத்தொன்பதே நாளில் புதிய எல்லைகளோடு மாநிலம் வந்தது, அந்தப் பெயர் வரவில்லை. அது நடைமுறைக்கு வர 1969 ஜனவரி 14 ஆனது.

அதனால் வாழ்த்து அட்டையெல்லாம் ஜூலை 18-க்கே இருக்கட்டும், நானும் போடுகிறேன். நவம்பர் 1 அன்று புதுக்கடையைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள்.