விருப்பத் தொழிலை மூடுவது தீர்வாகாது

நெருக்கடியில் சிறு வணிகர்கள் விருப்பத் தொழிலை விட்டுவிட்டு, அன்றாடம் விலைபோகும் சரக்குக்கு மாற வேண்டும் என்னும் கட்டுரையாளரின் ஆலோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அண்ணன் நடத்தும் மிருதங்கப் பழுதுபார்ப்புக் கடைக்குத் தோலும் வாரும் தமிழகத்திலிருந்தே வருவதால், 1997இன் நடுவில் டாலருக்கு ஏறத்தாழ 2.50 ரிங்கிட்டாக இருந்த நாணய மதிப்பு சரிந்து, 1998 செப்டம்பரில் 3.80இல் நிலைநிறுத்தப்பட்ட காலத்தில் அடக்கவிலை எகிறியது. அவர் புதிய மிருதங்கங்கள் தருவிப்பதை நிறுத்தி, வலந்தலை எனப்படும் வலப்பக்கத் தோல்முகத்தை முழுதாக மாற்றாமல், அதன் நடுவில் உதிர்ந்துபோன கரணை என்னும் கரும்பூச்சை மட்டும் சுரண்டியெடுத்துப் புதிதாகத் தேய்த்துக் கொடுத்தார். கூலி குறைவுதான்; ஆனால் தோட்டத்து பஜனைக் குழுவினரின் வருகை நிற்கவில்லை. 2020 மார்ச் 18இல் கொரோனா பரவலால் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கித் திருவிழாக்கள் முடங்கியபோது, அவர்களே முன்பணம் கொடுத்துக் கடை வாடகைக்குத் தோள் கொடுத்தார்கள். மளிகைக்கு மாறியிருந்தால், பேரங்காடியின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் எப்போதோ கடையை அடைத்திருப்பார்.