அந்த 10 விழுக்காடு மலாயா பல்கலைக்கழகத்துக்கானது அல்ல

கோலாலம்பூர் மலாயா பல்கலைக்கழகத்தில் பூமிபுத்ரா (மலாய்க்காரர்களும் பூர்வகுடியினரும்) அல்லாதவர்களுக்கு 10 விழுக்காடு இடம்தான், அதனால் ஆறாம் படிவ முடிவில் வரும் எஸ்டிபிஎம் தேர்வை எழுதுவதே வீண் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தவறு. பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 என்பது மெட்ரிகுலேஷன் கல்லூரிகளின் (பல்கலைக்கழகத்துக்கு முன்பு படிக்கும் அரசுக் கல்லூரிகள்) ஒதுக்கீடு. அரசுப் பல்கலைக்கழகங்களில் இன ஒதுக்கீடு 2002இல் நீக்கப்பட்டது (பூமிபுத்ராக்களுக்கான யுஐடிஎம் என்ற மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வேறு). அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யுபியு வழி விண்ணப்பிப்போருக்குத் தேர்வு முடிவுக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10 என்று புள்ளி கணக்கிடுகிறார்கள். எண்கள் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வந்திருக்கலாம்.

மெட்ரிகுலேஷனையும் எஸ்டிபிஎம்மையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமா என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் ஆறாம் படிவத்தில் படிக்கும் பிள்ளைகளிடம் இடமே இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர்களுடைய புறப்பாடச் சான்றிதழ்கள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பல பெற்றோர் கவனிக்காமல் விடுவது அதைத்தான்.